பிச்சாவரம் படகுச் சவாரி: மே மாத லீவில் சொந்தபந்தத்தோடு போகிறவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் லீவுக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள், அப்பாயி முதல் ஐந்து வயதுப் பேத்தி வரை எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால், டெல்டாவில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஈடாக வேறு இடம் இல்லை. ஆனால் துடுப்புப் படகில் போக வேண்டும். அதுவும் காலை முதல் சுற்றிலேயே ஏறிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் மோட்டார் படகில் போய் வந்தவர்கள்தான் "வெயிலும் தண்ணியும் மரமும்தான், வேற என்ன இருக்கு" என்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் படகில் கிடைப்பதும் உண்மையிலேயே அவ்வளவுதான்.

கோடைக்கு ஏன் இந்த இடம் என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறக்கும். அதற்கு முன்பு கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஆறு மணலாகக் கிடக்கும். வருகிற பிள்ளைகளுக்குக் காவிரியைக் காட்டலாம் என்று பாலத்தில் நிறுத்தினால், கருவேலமும் மணலும்தான் தெரியும். பிச்சாவரத்தின் தண்ணீர் அணையை நம்பி இல்லை. வடக்கே வெள்ளாறும் தெற்கே காவிரியின் பெரிய வடிகாலான கொள்ளிடமும் கடலில் சேர, இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே பரந்து கிடக்கிற காயல் அது. கடல் நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வடியும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிற மே மாதத்திலும் இங்கே கால்வாய் நிறைந்து, மரம் பச்சையாக நிற்கும். ஏறத்தாழ 1100 ஹெக்டேர் பரப்பு, 51 திட்டுகள், அவற்றுக்கு இடையே எண்ண முடியாத வாய்க்கால்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது.

போகிற வழி சுலபம். சிதம்பரம் வரை ரயிலோ பஸ்ஸோ, அங்கிருந்து அண்ணாமலை நகர், கிள்ளை வழியாகப் பிச்சாவரம். டவுன் பஸ் உண்டு, ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு வேன்தான் சரி. மயிலாடுதுறையிலிருந்து கிளம்புகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வண்டியில் ஏறிவிடுங்கள். கவுன்ட்டர் திறக்கும்போது வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. மே மாத ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற நேரம், படகில் இருக்கிற நேரத்தைவிட அதிகமாகிவிடும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

இனி படகு விஷயம். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் ஓடும். குறுகிய வாய்க்காலில் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் வில்லாக வளைந்து இறங்கியிருக்கும்; இயந்திரத்தின் விசிறி அதில் சிக்கினால் உடைந்துபோகும். எனவே அது போகிற பாதை முழுக்க வெட்டவெளி வெயில், எஞ்சின் சத்தத்துக்குப் பறவைகள் முன்கூட்டியே எழும்பிப் போய்விடும். துடுப்புப் படகு மட்டும்தான் இரண்டு பக்க மரமும் மேலே கைகோர்த்துக் குடை பிடிக்கிற சந்துகளுக்குள் நுழையும். உள்ளே போனதும் முதலில் தெரிவது குளிர்ச்சிதான். வெளியே கத்திரி வெயில் அனலாக அடித்துக்கொண்டிருக்கும்போது, இலைக்கூரைக்கடியில் சட்டென்று நிழல் விழும். பேச்சு தானாக அடங்கிவிடும். துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தமும், சேற்றில் காற்றுக்குமிழ் வெடிக்கிற "டப்" சத்தமும்தான் கேட்கும். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருவது. இது இல்லாத சவாரிக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அதிகம்.

அதனால் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தச் சுற்றுல குறுகலான கால்வாய்க்குள்ள போவோமா, எவ்வளவு நேரம் உள்ள இருப்போம்?" கட்டணம் ஆளுக்கு இல்லை, படகுக்கும் சுற்றுக்கும்தான், கவுன்ட்டரில் விலைப்பலகை இருக்கும். குறைந்த நேரச் சுற்றை எடுத்தால் அகலமான பகுதியைக் கடந்து உள்ளே நுழையும்போதே திரும்புகிற நேரம் வந்துவிடும். ஆகவே நீண்ட சுற்றை எடுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறு எதிலாவது பிடித்துக்கொள்ளலாம்.

கடல் நீர் அப்போது ஏற்றமா வற்றமா என்றும் படகுக்காரரிடமே கேளுங்கள். இந்தக் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் இங்கே அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தால் படகு உயர்ந்து, கிளைகள் தலையில் தட்டும். சில சந்துகளில் எல்லாரும் குனிந்துதான் போக வேண்டும், முதுகு வலி உள்ளவர்களுக்குச் சிரமம். நன்றாக வற்றியிருந்தால் சில சந்துகளில் படகு தரைதட்டும். படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ளுவார். இரண்டுக்கும் நடுவிலான நேரம் உத்தமம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே கூடுதலாக இருக்கும், அஷ்டமி, நவமி பக்கம் குறைவாக இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் அஷ்டமி பக்கமாகத் தேதி வைத்தால் நல்லது. பிள்ளைகளுக்கு வேர், நண்டு, சேற்றில் தாவுகிற மீன் எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் வற்றம்தான் நேரம்.

குடும்பத்தைப் படகுகளுக்குப் பிரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரு படகு, பெரியவர்கள் எல்லாரும் இன்னொரு படகு என்று பிரித்தால் முதல் படகு ஆடிக்கொண்டே போகும், இரண்டாவதில் இருக்கிறவர்கள் கத்திக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு படகிலும் நீந்தத் தெரிந்த, சொன்னால் பிள்ளைகள் கேட்கிற ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருக்க வேண்டும். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஏறும்போது படகின் நடுவில் காலை வையுங்கள். விளிம்பில் வைத்தால் படகு சாய்ந்து, பின்னால் நிற்கிறவரும் சேர்ந்து தடுமாறுவார். அம்மாச்சிக்கு முழங்கால் வலி என்றால் முதலில் ஒருவர் படகுக்குள் இறங்கி நின்று, இன்னொருவர் படித்துறையில் நின்று, இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். நடுப்பலகையில் உட்கார வைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். தரையில் உட்கார முடியாதவர்கள், ஒன்றரை மணி நேரம் சாய்மானம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கரையிலேயே நிழலில் இருப்பது நல்லது. அவர்களோடு ஒருவர் துணைக்கு இருக்க, இரண்டாவது சுற்றில் அந்தத் துணையாள் போய் வரலாம்.

உயிர்காப்புச் சட்டை கட்டாயம். கால்வாய்களில் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவுதான் என்று அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. ஆழத்தைவிட அடியில் இருக்கிற சேறுதான் ஆபத்து; கால் புதைந்தால் எடுக்க வராது. பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மாட்டிக் கொக்கி போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரிது, சின்னதாகக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்துப்போக வேண்டியது: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோர், தலைக்குத் தொப்பியோ துண்டோ, முழுக்கைப் பருத்திச் சட்டை. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் முகத்தைக் கீழிருந்தும் சுடும். தொப்பி போட்டிருந்தும் மூக்கும் தாடையும் கறுத்துப்போவது அதனால்தான். குடை வேண்டாம். திறந்த இடத்தில் காற்று இழுக்கும், சந்தில் கிளையில் மாட்டும். செல்போனைக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், சேற்றில் விழுந்தால் தேடக்கூட முடியாது. பாக்கெட் தின்பண்டம் எதையும் படகுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரு சிப்ஸ் உறை காற்றில் பறந்து வேருக்குள் போனால் யாராலும் எடுக்க முடியாது, வருஷக்கணக்கில் அங்கேயேதான் கிடக்கும். ஏறுவதற்கு முன்பு எல்லாரும் கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள். நடுவில் இறங்க இடம் இல்லை.

உள்ளே போனால் பார்க்க என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். மூன்று மரங்களை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

கால்வாய் ஓரத்தில் குடைக்கம்பி போல வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைப் பிள்ளைகள் காய் என்பார்கள். அது காய் இல்லை, கன்று. விதை மரத்திலேயே முளைத்து, ஒரு சாணுக்கு மேல் நீண்டு, தாயிடமிருந்தே உணவெடுத்து வளர்கிறது. பிறகு கூர்நுனி கீழாக விழுந்து, வற்றமாக இருந்தால் நேராகச் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்றமாக இருந்தால் மிதந்து போய் வேறு திட்டில் ஒதுங்கி வேர்விடும். உப்பு நீரில் விதை முளைப்பது கஷ்டம் என்பதால் மரம் கண்டுபிடித்த வழி இது. பறிக்க விடாதீர்கள்.

சற்று உள்ளே தள்ளி, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. கோடையில் இந்த மரத்தின் இலையை அருகில் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடித் தூள் தூவியது போல மின்னும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் இது. விரலால் தடவி நாக்கில் வைத்தால் சமையல் உப்பேதான். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த ஒரு இலை பிள்ளைகள் மனதில் நிற்கும்.

ஆனால் நாக்கில் வைக்கிற வேலையைப் படகுக்காரர் காட்டுகிற வெண்கண்டலோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான், நடராசர் கோயிலின் தலமரமும் இதுதான். ஊருக்குள் இன்று அந்த வனம் இல்லை. பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். உதிர்வதற்கு முன்பு இலை நன்றாகச் சிவந்துவிடும், பச்சைக்கு நடுவில் தனியாகத் தெரியும். இலையையோ கொப்பையோ ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கை பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், கொண்டுபோன குடிதண்ணீரில் உடனே நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே நேராக மருத்துவமனைதான்.

சில இடங்களில் வாய்க்கால் நேர்கோடாக, மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் கிளை பிரிந்து போவது தெரியும். அது மனிதர் வெட்டியது. முற்காலத்தில் மொத்தமாக மரம் வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து பள்ளமாகிவிட்டது. ஏற்றத்தில் வந்த நீர் வடியாமல் தேங்கி, கோடை வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறி, புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்ற நீர் உள்ளே வந்து வெளியே போக வழி செய்து நட்ட பிறகுதான் மரம் திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அலையின் வேகம் குறைந்தே வந்தது. அந்தக் கரையில் மரத்தின் மறைவு இல்லாமல் கடலைப் பார்த்தபடி இருந்த குப்பங்கள் பட்ட பாடு வேறு.

பறவைக்காக வருகிறவர்களுக்குக் கோடை ஏற்ற காலம் இல்லை. வலசைப் பறவைகள் கார்த்திகை முதல் மாசி வரைதான். மே மாதத்தில் நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி, செம்பருந்து காணக்கிடைக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களையும் பார்க்கலாம். அவர்களுக்கு அது பிழைப்பு. கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள், படகை அவர்கள் தடவுகிற இடத்துக்கு மேல் விடச் சொல்லாதீர்கள்.

மதியச் சாப்பாட்டில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். லீவு முழுக்க அதற்குள்தான் வருகிறது. அந்த நாட்களில் வஞ்சிரம், வவ்வால் கேட்டால் விலை எகிறும், பல இடங்களில் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும். சொந்தக்காரர்களுக்கு நல்ல மீன் போட நினைத்தால் காயல் மீனையும் நாட்டுப்படகு மீனையும் கேளுங்கள்: மடவை, கொடுவா, வெள்ளை இறால், சேற்று நண்டு. வாங்கிச் சமைக்கிறவர்கள் செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். நண்டு என்றால் கையில் தூக்கிப் பார்த்து, பார்வைக்குப் பெரிதாக இருப்பதைவிடக் கனமாக இருப்பதை எடுங்கள். சைவக்காரர்களுக்குச் சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு இருக்கிறது. இட்லிக்கு வைத்துச் சாப்பிடுவதைவிட, மிளகு சீரகம் தாளித்த சம்பா சாதத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள், அதுதான் அதன் ஜோடி.

சாப்பிட்ட கையோடு அடுத்த ஊருக்கு ஓடாதீர்கள். பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் ஐந்தையும் அடுக்கித் தருகிற வேன் திட்டங்கள் இருக்கின்றன. எல்லாக் கடற்கரையையும் கொதிக்கிற நேரத்தில்தான் காட்டும். பகல் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை எங்காவது நிழலில் படுங்கள். பிறகு ஒரே ஒரு இடம்: தரங்கம்பாடி. சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழியில் கொள்ளிடம் பாலத்தில் மணல்வெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், காலையில் சுற்றிய காயலுக்கு மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவருகிற ஆறு இதுதான் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. கனத்த சுவர்கள், உள்ளே போனால் சூடு தெரியாது. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, கிளம்புவதற்கு முன்பே அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது. அவர் கட்டிய 1718-ஆம் ஆண்டுத் தேவாலயம் ராஜ வீதியில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கடற்கரையில் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் 1306-இல் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஒரு கோயில் எவ்வளவு உள்ளே இருந்திருக்க வேண்டும், கடல் எவ்வளவு நடந்து வந்திருக்கிறது என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

குளியல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் கரையைக் காக்கக் கொட்டியிருக்கிற கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு முறியும். அதன் மேல் நின்று படம் எடுக்க வேண்டாம். பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் யாரும் இறங்கக்கூடாது, மணல் திடீரென்று சரிந்து பள்ளமாகும். எந்தக் கடற்கரையானாலும் முதலில் ஐந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் அமைதியாகக் கலங்கித் தெரிந்தால், பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். உள்ளே இழுக்கிற நீரோட்டம் இருப்பதும் அங்கேதான். முழங்காலுக்கு மேல் யாரும் போக வேண்டாம். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும்.

முத்துப்பேட்டையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அது, பிச்சாவரத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் அங்கே நினைத்தவுடன் போய் டிக்கெட் வாங்கி ஏற முடியாது. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கோரையாற்றில் நெடுநேரம் படகில் போனால்தான் காயல் வரும், போகிற வழியில் தலைக்கு மேல் நிழல் கிடையாது. மரங்களில் பெரும்பாலானவை வெண்கண்டல், பிச்சாவரத்துச் சந்துகள் போன்ற குடைவு இங்கே எதிர்பார்க்க வேண்டாம். காலேஜ் படிக்கிற பிள்ளைகளும் நடக்கத் தெம்புள்ளவர்களும் மட்டும் என்றால் மனசார முத்துப்பேட்டையைச் சொல்வோம், அந்தக் காயல் கண்ணுக்கு எட்டாத தூரம் விரிந்து கிடக்கிற அழகு வேறு. கைக்குழந்தையும் அப்பாயியும் இருக்கிற கூட்டத்துக்கு மே மாதத்தில் வேண்டாம். அவர்களோடு அதை மார்கழி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஆற்றில் தண்ணீரும் காயலில் பறவையும் இருக்கும்.